மூன்றாவது கட்டமா, இரண்டு கேள்விகளா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநர்களை, அதாவது பிறப்பில் பதிவான பாலும் தாங்கள் உணரும் பாலினமும் வேறாக இருப்பவர்களை, எப்படி எண்ணுவது? ஆண், பெண் கட்டங்களுக்குப் பக்கத்தில் 'மற்றவர்' என்று ஒன்றைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். 2011 இந்தியக் கணக்கெடுப்பு அப்படித்தான் செய்தது, சுமார் 4.88 லட்சம் பேர் அதில் பதிவானார்கள். ஆனால் தன்னைப் பெண்ணாகவே கருதும் திருநங்கை 'பெண்' என்றுதானே குறிப்பார்? பதில் சரி, திருநர் கணக்கில் மட்டும் அவர் இருக்க மாட்டார். 2021இல் ஆஸ்திரேலியா 'இருமை சாராதவர்' (ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்) என்ற கட்டத்தை வைத்தது. 43,220 பேர் குறித்தும், இதை வைத்துத் திருநர்களை எண்ண முடியாது என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறையே கைவிரித்துவிட்டது.

அதே ஆண்டு இங்கிலாந்தும் வேல்ஸும், பிறப்பில் பதிவான பாலும் நீங்கள் உணரும் பாலினமும் ஒன்றுதானா என்று 16 வயது நிரம்பியவர்களிடம் ஒரே கேள்வியாகக் கேட்டன. விரும்பினால் பதில் சொல்லலாம். சுமார் 2,62,000 பேர் 'இல்லை' என்றார்கள். அப்புறம்தான் சிக்கல்: ஆங்கிலம் சரளமாக வராதவர்களிடையே 'இல்லை' அதிகமாக இருந்தது. கேள்வியே புரியாமல் குறித்திருப்பார்களோ என்ற சந்தேகத்தில், 2024இல் அந்த எண்ணிக்கையின் அதிகாரபூர்வத் தகுதியைக் குறைத்தார்கள்.

கனடா 2021இல் இதைப் பிரித்துக் கேட்டது: பிறக்கும்போது என்ன பால்? இப்போது என்ன பாலினம்? இரண்டாவதில் சொந்தச் சொல்லில் எழுதவும் இடம் உண்டு. பதில்களை ஒப்பிடுவது அலுவலகத்தின் வேலை, குடிமகனின் தலையில் அது விழுவதில்லை. 15 வயது நிரம்பியவர்களில் 1,00,815 பேர் திருநர் அல்லது இருமை சாராதவர் என்று தெரிந்தது. என் ஓட்டு இதற்குத்தான். குறைகளும் உண்டு. பிறப்புப் பாலைக் கேட்பதே சிலரைப் புண்படுத்தும். இடைப்பாலினரை, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காத உடற்கூறுகளோடு பிறந்தவர்களை, எண்ண இதுவும் உதவாது, தனிக் கேள்வி வேண்டும். ரகசியம் காக்க, பல அட்டவணைகளில் இருமை சாராதவர்களை ஆண், பெண் பிரிவுகளுக்குள்ளேயே பகிர்ந்தும் விட்டார்கள்.

கேள்வி எதுவானாலும், பதில் சொல்வது யார்? 2011இன் அந்த 4.88 லட்சத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளே சுமார் 55,000. அவர்களுக்காக வேறு யாரோதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லாத இளைஞனின் நிலையும் அதேதான். இந்த விஷயத்தில் இங்கிலாந்தைப் பார்க்கலாம்: வீட்டாருக்குத் தெரியாமல் தனிப் படிவம் வாங்கி நிரப்ப அங்கே வழி இருந்தது. கனடாவின் கேள்விகளை எடுப்பவர்கள் அந்தப் படிவத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.