ஊர்க் குட்டைக்கு எந்தப் பணம் பொருந்தும்?

அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதிலிருந்து, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து எடுக்கப்படும் பவானி உபரி நீர் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே போய்ச் சேர ஏற்பாடாகியிருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவந்து விடுவதோடு அந்தத் திட்டத்தின் பணி முடிகிறது. வந்த தண்ணீரைத் தாங்க வேண்டிய கரையும், மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கும், வரத்துப் பள்ளமும் செம்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது ஊரின் பொறுப்பு. அதற்கான பணம் வரக்கூடிய வழிகளுள் ஊராரின் சொல் எதில் எவ்வளவு எடுபடும் என்பதே இங்கே என் கேள்வி.

முதலில் நமக்கு நாமே திட்டம். 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயருக்கே திரும்பிய இத்திட்டத்தில், வேலை மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. 15 லட்சம் ரூபாய் வேலைக்கு ஊர் 5 லட்சம் திரட்ட வேண்டும். பங்கு பாதியைத் தொட்டுவிட்டால், பணம் கொடுத்தவர்களே, அல்லது அவர்கள் சொல்லும் அமைப்பே, வேலையை எடுத்துச் செய்யலாம் என்ற விதிதான் இதன் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

எங்கள் ஊர்க் குட்டைக்காகப் பணம் திரட்டியபோது மாரியம்மன் கோயில் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஊர்க்காரர்களின் பெயர்கள். கடைசிப் பக்கங்களில் நூறும் இருநூறும் தந்த விசைத்தறித் தொழிலாளர்களின் பெயர்கள். கரைக்கு மண் கொட்டியபோது, ஒரு அடுக்கைத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்காமலே அடுத்த லாரி மண்ணைக் கொட்ட வந்தார்கள். நூறு ரூபாய் தந்திருந்த ஒரு பெரியவர் வண்டிக்கு முன்னால் போய் நின்று, "இறுக்காம மேல போட்டீங்கன்னா மொத மழைக்கே கரை உக்காந்துரும்" என்று சொல்லி வேலையை நிறுத்தினார். அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடந்த வேலைகளின்போது அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை.

இதற்கு எதிரில் நிற்பது, மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு வகுக்கப்பட்ட இதில் ஊர் ஒரு ரூபாயும் பங்கு போட வேண்டியதில்லை. ஆனால் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்குப் பாதியும் துப்புரவுக்குப் பாதியும். எஞ்சிய 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், சம்பளத்துக்குத் தவிர. எந்த வேலை என்பதைக் கிராம சபை வகுக்கும் ஊராட்சி வளர்ச்சித் திட்டமே சொல்ல வேண்டும் என்பது ஏட்டளவில் மிக நல்ல ஏற்பாடு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருப்பதும் இம்மானியத்துக்கு ஒரு நிபந்தனை. கொங்கு மாவட்ட ஊராட்சிகளிலோ 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. கேள்வி கேட்க வாசலில் ஒரு தலைவர் இல்லாதபோது, உள்ளூர் தலைமை என்பது வெறும் சொல்லாகிவிடுகிறது.

விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு தொடங்கிய அதில் விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். அதையும் உழைப்பாகத் தரலாம். பாசனச் சங்கம் உயிரோடு இருக்கும் வாய்க்கால் பகுதிகளுக்கு அது ஏற்றது. அன்னூர்ப் பக்கம் நேரடியாகப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலமே இல்லாமல், சுற்றியுள்ள தோட்டங்களின் கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஊற்றுத் தருவதற்காகவே இருக்கும் குட்டைக்கு எந்தச் சங்கம் வந்து கையெழுத்துப் போடும்?

இவை எதிலும் அடங்காதது மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையின் வழி. அந்த ஊராட்சி 2006இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது, அதில் 1.15 கோடி வங்கிக் கடன். சொந்த வருமானம் உள்ள ஊராட்சிக்கு இருக்கும் துணிவை எந்த மானியமும் தராது. ஆயினும் அதற்கு வேண்டிய சேமிப்பும் தொடர்ச்சியான தலைமையும் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே குட்டைக்கு நமக்கு நாமேதான் என்று உறுதியாகச் சொல்வேன், ஒரு கவலையோடு. பங்குப் பணம் கேட்கும் திட்டம் பணம் இருக்கும் இடத்துக்கே முதலில் போகும். எங்கள் நோட்டுப் புத்தகம் இரண்டே மாதத்தில் நிரம்பியது. அதே ஊரில் அருந்ததியர் காலனிச் சாக்கடைக்கு மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட அங்குள்ள குடும்பங்களால் முடியாது, முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கரைக்கு நன்கொடையாளர் கிடைக்கும் ஊரில், பங்கு கேட்காத நிதிக்குழுப் பணம் முதலில் காலனிக் குழாய்க்கும் சாக்கடைக்கும்தான் போக வேண்டும் என்று கிராம சபையிலேயே தீர்மானம் எழுதலாம். சென்ற முறை அப்படி ஒரு தீர்மானத்தை நாங்கள் கொடுத்தோம். அடுத்த சபையில் முதல் வேலையாக அதை வாசிக்கக் கேட்க இருக்கிறோம்.