பாளையங்கோட்டைச் சந்தில் ஒரு 'சரக்'

மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுமுறையில் பாளையங்கோட்டை போயிருந்தேன். அத்தானுடைய மின்சாரக் காரில்தான் ஊர் சுற்றல் எல்லாம். வண்டியில் குறை சொல்ல எதுவும் இல்லை. வீட்டுச் சந்தில் இடது பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து 'சரக் சரக்' என்று ஒரு சத்தம். டீசல் வண்டியாக இருந்தால் இஞ்சின் இரைச்சலில் அமுங்கிப் போயிருக்கும். இதில் அமுக்க எதுவும் இல்லையே. ஒரு தடவை காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏசி அறை, காபி, டேப்லெட்டில் கையெழுத்து. இரண்டரை மணி நேரம் கழித்து, "வீல் அலைன்மென்ட் பண்ணியாச்சு சார்" என்றார்கள். பில் 1,400 ரூபாய். சத்தம் என்னாயிற்று என்று கேட்டால், "மின்சார வண்டியில டயர் சத்தம் கேக்கத்தான் செய்யும் சார், நார்மல்." ஓட்டிப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தார்களாம், பைபாஸில் நேராகப் போய் நேராக வந்திருக்கிறார்கள். வளைவில் வரும் சத்தத்தை நேர் ரோட்டில் தேடியிருக்கிறார்கள். ரொம்பவும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மெல்போர்னில் இதே பதிலை நாலு மடங்கு காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் வண்ணார்பேட்டை பக்கம் ஒரு சின்ன டயர் கடை. அண்ணாச்சி வண்டியைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். நேராகப் போகும்போது வருதா? மெதுவாகத் திருப்பினாலும் வருதா? ரிவர்ஸில்? ஆள் நிறைய ஏறினால் கூடுதா? 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட், வேகம் கூடக் கூட 'ஙொய்' என்று ஏறினால் பேரிங், சக்கரம் சுற்றும்போதெல்லாம் கீச்சிட்டால் பிரேக் டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே கல். "முழுசா ஒடிச்சா மட்டும் சரக்குன்னா, டயர் எங்கயோ உரசுது. அவ்வளவுதான்."

அப்புறம் ஒரு சாக்பீஸ் எடுத்து முன் டயர்கள் இரண்டின் ஓரத்திலும் தீற்றினார். "எடுத்து ரெண்டு பக்கமும் வளைச்சிட்டு வாங்க, பாப்போம்." வந்ததும் செல்போன் வெளிச்சத்தில் உள்ளே காட்டினார். வலது டயரில் சாக் ஒரு பட்டையாக அழிந்திருந்தது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. மறைப்பைப் பிடிக்கும் கிளிப் நாலைக் காணோம்; அது சக்கரத்தை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளிப் மட்டும் காரணம் இல்லை. கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 215/60 ஆர் 16 என்று இருக்கிறது, வண்டியில் ஓடுவது 225/60 ஆர் 16. இரண்டு மாதம் முன்பு டயர் மாற்றிய இடத்தில், "ஸ்டாக்ல இதுதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று போட்டுவிட்டிருக்கிறார்கள். வெறும் 10 மில்லிமீட்டர்தானே என்றார் அத்தான். அகலம்தான் 10. அந்த 60 என்பது அகலத்தில் 60 சதவீத உயரம், அதனால் டயரும் வளர்ந்து விட்டம் 12 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. ஸ்பீடோமீட்டரும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணையும் அண்ணாச்சி காட்டினார். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். பேட்டரி கனத்தால் இந்த வண்டிகளுக்கு அதைக் குறைத்துப் போடவே கூடாது என்றார்.

கிளிப்புக்கும் கூலிக்கும் சேர்த்து 150 ரூபாய். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. ஐந்து பேர் ஏறினால் மட்டும் லேசாக உரசியது. "சரியான சைஸ் போடாம முழுசா போகாது. உரசி உரசி டயர் ஓரம் வெட்டுப்படும்" என்றார். அத்தானுக்குப் புது டயரைக் கழற்ற மனசு வரவில்லை. அக்காதான் பழைய கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். பாதிப் பணம் கழித்து நாலையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் கிளம்பும் நாளில், சர்வீஸ் எப்படி என்று மார்க் கேட்டு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து போன். "சார், பத்துக்குப் பத்து போட்டுருங்க, இல்லன்னா எங்களுக்குப் பிரச்சினை ஆயிடும்." நான் கையை ஆட்டுவதற்குள் அத்தான் பத்து போட்டுவிட்டார். "பாவம் மாப்ள, காபி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.