பள்ளிக்கரணையா, வேடந்தாங்கலா, பழவேற்காடா?

சென்னைப் பள்ளிகளில் ஈரநிலப் பயணம் என்று பேச்செடுத்தால் இந்த மூன்று பெயர்கள்தான் அடிபடும். முதல் இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த முத்திரையோ, எத்தனை வகைப் பறவை வருகிறது என்பதோ பெரிதாக உதவாது. நாற்பது பிள்ளைகள் அங்கே நின்று எதை எண்ணலாம், எதை அளக்கலாம் என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் போய்வருவது பிக்னிக்தான்.

பழவேற்காட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, கடலோடு கலக்கும் முகத்துவாரம், பூநாரைகள் எல்லாம் உண்டு. பதினொன்றாம் வகுப்பு உயிரியலுக்கு அருமையான இடம். ஆனால் அங்கே போனால் படகில் ஏறத் தோன்றும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த நீர் அது. சின்னப் பிள்ளைகளோடு அந்த யோசனையே வேண்டாம்.

பள்ளிக்கரணையின் பலம் பக்கத்தில் இருப்பது. தென்சென்னைப் பள்ளி என்றால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, அதிர்ஷ்டம் இருந்தால் நீளவால் இலைக்கோழி. பறவைகள் தூரத்தில்தான் இருக்கும். ஐந்து பேருக்கு ஒரு பைனாகுலராவது தேவை. ரோட்டுச் சத்தத்தில் ஆசிரியர் குரல் எடுபடாது.

ஆனால் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை மேடு, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், நடுவே சதுப்பைப் பிளக்கும் சாலை என்று பார்க்கிற பிள்ளை, “இந்தத் தண்ணி எங்கே போகும்?” என்று தானாகவே கேட்கும். ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை வகுப்பிலேயே ஒப்பிட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

வேடந்தாங்கல் வேறு ரகம். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகள் அப்பிக் கிடக்கும்; கரையில் நின்றே வெறுங்கண்ணால் பார்க்கலாம். மூன்று குழுக்களுக்கு ஒரே மரத்தைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எத்தனை முறை பெற்றோர்ப் பறவைகள் இரையோடு வந்தன என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று விடை வரும். ஏன் வேறுபட்டது என்று அவர்கள் சண்டை போடும் அந்தக் கால் மணி நேரம்தான் அன்றைய அறிவியல் வகுப்பு. நீர்க்காகம் எந்தக் கிளையில், நத்தைகுத்தி நாரை எந்தக் கிளையில் என்று குறிக்கலாம். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போவதால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்தார்கள். 1798-இலேயே ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியிடம் அதற்கு உரிமையும் வாங்கினார்கள். நைட்ரஜன் சுழற்சிக்கு இதைவிட உதாரணம் எங்கே கிடைக்கும்? சரணாலயத்துக்குள் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. pH தாளை நனைக்க வேண்டுமென்றால் வெளியே வாய்க்காலில், விவசாயியைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குறை, தூரம். எழுபது கிலோமீட்டருக்கு மேல், போக இரண்டு மணி நேரம். கூட்டமாகப் பறவைகள் திரும்பும் மாலை நேரம் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகள் இருப்பதால் பதினோரு மணிக்கும் இரை கொண்டுவரும் பறவைகளின் போக்குவரத்து நிற்காது. மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷம் மட்டும் போகவே வேண்டாம்.

பறவைகள் கூடும் பருவத்தில் தேதி பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சிக்கல். நவம்பரில் மழை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அப்புறம் பொங்கல். ஜனவரிக் கடைசி வாரம்தான் மிஞ்சும்.

ஆறு, ஏழாம் வகுப்பு என்றால், ஏரி நிரம்பியிருக்கும் பட்சத்தில், என் ஓட்டு வேடந்தாங்கலுக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பஸ் வாடகையில் பள்ளிக்கரணைக்கு இரண்டு முறை போவேன்: மழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, அதே இடத்தில் நின்று நீர்மட்டத்தையும் பறவைகளையும் ஒப்பிட. எங்கே போனாலும் வனத்துறைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், வெள்ளைச் சீருடைக்கு அன்று விடுமுறை விடுங்கள்.