ஆர்எஸ் 3 மினி: கை நடுங்காது, ஆனால் லென்ஸை மாற்ற விடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடுத்துச் சம்பாதிக்கிறவர் என்றால் டிஜேஐ ஆர்எஸ் 3 மினி என்ற கிம்பலை, அதாவது கமரா நடுங்காமல் பிடிக்கிற மோட்டோர்க் கைப்பிடியை, தயங்காமல் வாங்கலாம். வருடத்தில் ஒரு குறும்படம், இரண்டு பாட்டு என்று எடுக்கிற பெடியள் என்றால் வாடகைக்கு எடுங்கள், அதுவும் படப்பிடிப்பு முழுக்க வேண்டாம், தேவையான நாளுக்கு மட்டும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாமான் 2023 ஜனவரியில் வந்தது. கிம்பலின் எடை 795 கிராம், 2 கிலோ வரை தாங்கும், ஒருமுறை சார்ஜ் செய்தால் 10 மணித்தியாலம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. நாங்கள் போடுவது சோனி ஏ6400 கமரா, சிக்மா 16 மிமீ எஃப் 1.4 லென்ஸ். இரண்டும் சேர்ந்து 800 கிராம் சொச்சம், கிம்பலோடு கையில் இருப்பது ஏறத்தாழ 1.6 கிலோ. கேட்கும்போது சின்ன எடைதான், ஆனால் காலை தாலி கட்டில் தொடங்கி மாலை வரவேற்பு வரை தூக்கிக்கொண்டு நிற்கிறவரின் மணிக்கட்டைக் கேட்டால் தெரியும். இதற்கு முதல் 2018இல் இதே நிறுவனம் விட்ட ரோனின் எஸ் கிம்பல் மட்டும் 1.8 கிலோவுக்கு மேல், கமரா போட முதலே. அதைத் தூக்கிப் பழகியவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும்.

விலை விஷயம். வெளிநாட்டில் 369 டொலருக்கு அறிமுகமானது. டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் வந்திருந்தால் 75,000 ரூபாயோடு முடிந்திருக்கும். 2022க்குப் பிறகு டொலர் 300 பக்கம் நிற்கிறது, ஆக வரி ஒன்றும் போடாமலே 110,000 ரூபாய், அதற்கு மேல் 18 வீத வற் வரி, கொண்டுவருகிறவர்களின் இலாபம். அதனால்தான் இங்கே பாதிப் பேரின் கிம்பல் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த மாமாவின் பெட்டியில் வந்ததாக இருக்கும். அப்படி வருவதில் ஒரு சின்னச் சிக்கல், முதல்தரம் போடும்போது போனில் நிறுவனத்தின் ரோனின் செயலியில், இணையத்தோடு இணைத்து, பதிவு செய்ய வேண்டும். இதை வீட்டில் வைத்துச் செய்யுங்கள். மணற்காட்டு மணல்மேட்டில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இனி வேலை எப்படி. மூன்று அச்சில் மூன்று மோட்டோர், உள்ளே அசைவை உணரும் சென்சர்கள். கை எந்தப் பக்கம் சரிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மோட்டோர் திருப்பிக் கொடுக்கும், ஒரு நொடிக்குள் எத்தனையோ தரம். இது முழுக்கச் சுழற்சியைத்தான் திருத்தும், கமரா மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவதைத் திருத்தாது. நாங்கள் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஏறி இறங்குகிறதே, அது அப்படியே படத்தில் விழும். அதற்கு மருந்து முழங்காலை மடித்து, குதிக்காலை முதலில் வைத்து, தண்ணீர் நிறைந்த குடத்தோடு நடக்கிற மாதிரி நடப்பதுதான். யாரும் பெட்டிக்குள் இதை எழுதிப் போடுவதில்லை. வாங்கினவுடன் ஒழுங்கைக்குள் இறங்கி நடந்து பார்த்துவிட்டு, இது பழுதோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பழுதில்லை தம்பி, நடைதான்.

மூன்று அச்சையும் கையால் சமன் செய்யவேண்டும். மின்சாரத்தைப் போடாமல் கமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நிற்கவேண்டும், அதுதான் சரியான சமன். அரைகுறையாகச் சமன் செய்துவிட்டு மோட்டோர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் பற்றரி கரையும், மோட்டோர் சுடும், படத்தில் ஒரு நுண்ணிய நடுக்கம் வரும், அதை எடிட்டில் பெரிய திரையில் பார்க்கும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

இதில்தான் தலைப்பில் சொன்ன விஷயம் வருகிறது. சமன் செய்த பிறகு லென்ஸை மாற்றினால் திரும்ப முதலிலிருந்து சமன் செய்யவேண்டும். சூம் லென்ஸ் போட்டால், சூம் செய்யும்போது லென்ஸ் நீண்டு பாரம் முன்னுக்குப் போகும், திரும்பவும் அதே கதை. ஃபோகஸ் வளையத்தைக் கையால் தொடவே முடியாது, தொட்டால் மோட்டோர் அதை எதிர்த்துத் தள்ளும். எனவே ஓட்டோ ஃபோகஸை நம்பவேண்டும். அதை நம்பக்கூடிய கமரா வேண்டும். எங்கள் ஊரில் இன்னமும் நன்றாக உழைக்கிற கனன் 600டி போன்றவை வீடியோவில் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்காது. கனனில் அந்த வசதி 2013இல் 70டியோடுதான் உருப்படியாக வந்தது. ஆக கிம்பல் வாங்கிய பெடியன் அடுத்ததாகக் கமராவும் மாற்றுகிறான், பிறகு காட்சியை அகலமாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குகிறான், ஏனென்றால் அந்த அகல லென்ஸில்தான் நடையின் தூக்கல் குறைவாகத் தெரியும், ஃபோகஸ் தவறினாலும் கண்ணில் படாது.

முடிவு என்ன? ஒரே 16 மிமீ அகல லென்ஸ், ஒரே உயரம், நாயகனின் முதுகுக்குப் பின்னால் மிதந்து போகிற கமரா. கடந்த சில வருடமாக இங்கே குறும்படத் திரையிடல்களுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், கதை வேறு, ஊர் வேறு, படம் ஒரே மாதிரி. வறுமையைச் சொல்கிற படத்திலும் கமரா மிதக்கிறது, கொலையைச் சொல்கிற படத்திலும் மிதக்கிறது. இயக்குநர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவர்கள் தெரிவு செய்த பாணி இல்லை அது, காலையில் ஒருதரம் சமன் செய்த லென்ஸ் பின்னேரம் வரை கழற்றப்படவில்லை, அவ்வளவுதான். கிட்டத்தில் ஒரு முகம் வேண்டும் என்றால் 50 மிமீ போடவேண்டும், போட்டால் திரும்பச் சமன் செய்யவேண்டும், வெயில் இறங்குகிறது, சரி, 16லேயே கிட்டப் போய் எடு என்று சொல்லிவிடுகிறார்கள். மூக்கு பெருத்துப்போய் முகம் விழுகிறது. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம், ஊரோடு ஒத்து வாழவேண்டுமே.

ஆனால் இந்தச் சாமான் கொடுத்ததையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. கமராவை ஓடவிட வேண்டும் என்றால் முன்பு என்ன செய்தோம்? பிவிசி குழாயில் தண்டவாளம், அதைக் கொண்டுபோக ஒரு லாண்ட்மாஸ்டர், இல்லையென்றால் எங்காவது ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி அதில் கமராக்காரரை இருத்தித் தள்ளுவது. நாற்சார் வீடு ஒன்றில் படம் எடுத்துப் பாருங்கள். வெளி விறாந்தையில் தொடங்கி, வாசற்படி தாண்டி, நடுமுற்றத்தில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிக் குசினிக்குள் அம்மாவிடம் போய் நிற்கவேண்டும். தண்டவாளம் போட முடியாது, சக்கர நாற்காலி படியில் ஏறாது. இந்த ஷொட் இங்கே காசில்லாத யாருக்கும் கிடைத்திருக்காது. கேரட் பிரவுன் 1970களில் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்தபோது இந்தப் பிரச்சினைக்குத்தான் வழி வந்தது, ஆனால் அதை உடம்பில் கட்டி இயக்கத் தனிப் பயிற்சி வேண்டும், வாடகைக்கு எடுக்கவும் எங்களிடம் வழியில்லை. மோட்டோரில் ஓடுகிற மோவி எம்10 என்ற கிம்பல் 2013இல் வந்தபோது 15,000 டொலர். பத்து வருடத்தில் அந்த வேலை 369 டொலருக்கு இறங்கியது என்றால் அது சின்ன விஷயமில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஆள் குறைந்தது. தண்டவாளம் தூக்க நாலு பேர், அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு, அவர்கள் வந்துபோக வான் காசு, எல்லாம் போய்விட்டது. ஒருவர் கிம்பல், ஒருவர் ஒலி, ஒருவர் இயக்குநர், ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு ஓட்டோவும் போதும். ஆள் குறைந்தால் தெருவில் கூட்டமும் சேராது. கஸ்தூரியார் வீதியில் பின்னேரம் நடக்கிற மாதிரி ஒரு காட்சி எடுக்கும்போது கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்க முதல் முடித்துவிட்டு வரலாம்.

ஒலிக்காரரும் இயக்குநரும்தான் இதில் கொஞ்சம் பாவம். கமரா மேல் மைக்கைப் பூட்டினால் மோட்டோரின் சத்தம் விழும், வயர் தொங்கினால் சமனை இழுக்கும், எனவே ஒலியைத் தனியாகப் பதிந்து பிறகு பொருத்தவேண்டியதுதான். மொனிட்டருக்கு எச்டிஎம்ஐ வயர் போட்டாலும் அதே இழுவை. வயர் இல்லாமல் படம் அனுப்பும் பெட்டி வாங்கக் காசு இல்லை. ஆகவே இயக்குநர் கமராக்காரரின் தோளுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தபடி, அவரோடு சேர்ந்து குடத்து நடை நடக்கிறார். வெளியில் நின்று பார்க்கிறவர்களுக்கு நடிக்கிறவர்களைவிட இது நல்ல வேடிக்கை.

எங்கள் ஊர்க் காலநிலைக்கு எப்படி? காற்றுக்கு இது பயப்படும். சோளகம் வீசுகிற மாதங்களில் பண்ணைப் பாலத்திலோ கோட்டைக் கொத்தளத்திலோ நின்று பாருங்கள், கமராவைக் காற்று தள்ள, மோட்டோர் திருப்பித் தள்ள, படம் மெல்ல உதறும். உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே வைத்து மறைத்து எடுக்கலாம், லென்ஸ் ஹூட்டைக் கழற்றிவிடலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. மழைத்தூறலுக்கோ உப்புக்காற்றுக்கோ இதில் பாதுகாப்பு இல்லை. கடற்கரையில் எடுத்தால் அன்றே ஈரமில்லாத துணியால் துடைத்து வையுங்கள், மணல் பிடித்த கையால் மோட்டோர்ப் பக்கம் தொடாதீர்கள். வெயிலுக்குக் கிம்பல் ஒன்றும் செய்யாது, ஆனால் நொடிக்கு 25 பிரேமில் 1/50 ஷட்டர் வைத்தால் நடுப்பகலில் படம் வெளுத்துவிடும், ஷட்டரைக் கூட்டினால் நடை வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு என்டி ஃபில்டர் அவசியம், அதைப் போட்டபடியே சமன் செய்யுங்கள்.

கலியாண வீட்டுக்காரருக்கு வருவோம். இவர்களுக்கு இது இரட்டை இலாபம். ஒன்று, கமரா பூட்டியிருக்கும் தட்டைக் கழற்றிப் பக்கத்தில் பூட்டினால் கமரா நெடுக்காக நிற்கும், தனிச் சாமான் தேவையில்லை. அன்றைக்கே வட்ஸப்பில் அனுப்ப நெடுக்கு வீடியோ கேட்காத வீடு இப்போது எது? மற்றது, கிம்பலைக் கண்டாலே வீட்டுக்காரருக்கு ஒரு மரியாதை. "தம்பி, அந்தச் சுத்துற கமராவும் கொண்டு வருவீங்கள்தானே?" என்று முற்பணம் கொடுக்கும்போதே கேட்கிறார்கள். மணவறைக்கு முன்னால் உறவினர் நெருக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நகர்வது மட்டும் கஷ்டம், தாலி கட்டுகிற நேரத்துக்கு ட்ரைபொட்டில் இன்னொரு கமரா நிற்கட்டும். ஓட்டோ ஃபோகஸ் மாலைக்கும் முகத்துக்கும் இடையில் தடுமாறுகிற அந்த இரண்டு நொடி திரும்ப வராது.

குறைகள் இன்னும் இரண்டு. பற்றரி உள்ளேயே இருக்கிறது, கழற்றி மாற்ற முடியாது, சில வருடத்தில் அது தளர்ந்தால் என்ன செய்வது என்பது யோசிக்கவேண்டியது. மூன்று அச்சின் பூட்டையும் ஒவ்வொன்றாகக் கையால் திறந்து மூடவேண்டும். இதன் அடுத்த ரகமான ஆர்எஸ் 4 மினி 2025இல் வந்தது, அதில் பூட்டு தானாகத் திறக்கும், ஆளைப் பின்தொடரும் ஒரு துண்டையும் பூட்டலாம். புதிதாக வாங்குகிறவர் அதையே பாருங்கள். விலை இறங்கிய 3 மினி கிடைத்தால் அதுவும் போதும்.

போனில் எடுக்கிறவர்களுக்கு இது வேண்டாம். ஒஸ்மோ மொபைல் போன்ற 300 கிராம் கிம்பல் போதும். பகல் வெளிச்சத்தில் என்றால் இப்போதைய நல்ல போன்களின் மின்னணு நிலைப்படுத்தலே சமாளிக்கும், இரவில்தான் அது படத்தைக் கலங்கலாக உதறவிடும். தனியாளாக ஊர் சுற்றி யூரியூப்புக்கு எடுக்கிறவர் ஒஸ்மோ பொக்கெட் 3 வாங்கினால் கமரா, கிம்பல் இரண்டும் 179 கிராமில் முடிந்துவிடும், சமன் செய்யும் வேலையே இல்லை.

இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் கமராவையும் கையோடு கொண்டுபோங்கள். பூட்டிச் சமன் செய்து, கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்துப் பாருங்கள், அடிவானம் மெல்லச் சரிகிறதா என்று. சரிந்தால் செயலியில் ஒருதரம் சீர்செய்யச் சொல்லுங்கள், அதற்குப் பிறகும் சரிந்தால் வேண்டாம். ஒவ்வொரு மோட்டோரையும் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது நறநற என்றால் அது கடற்கரை பார்த்த கிம்பல். தட்டும் திருகாணிகளும் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், தனியாக அந்தத் தட்டை மட்டும் இங்கே தேடிப் பிடிப்பது பெரும்பாடு.