கிரனைட்டா, குவார்ட்ஸா? கொழும்புச் சமையலறைக்குக் கல் வெட்டும் முன்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் சமையல் மேடைக்குக் கல் தேடிப் போனால், கடைசியில் இரண்டு கற்களுக்கு முன்னால்தான் நிற்பார்கள். குவார்ட்ஸ் கண்ணைப் பறிக்கும்: வெள்ளை, சாம்பல், திட்டுத்திட்டாக இல்லாத சீரான நிறம். ஆனாலும் நம் சமையலுக்கு என் வாக்கு கிரனைட்டுக்கே.

முதற் காரணம் சூடு. குவார்ட்ஸ் பலகை, எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் அரைத்த கல்லை றெசின் என்ற செயற்கைப் பிசினோடு சேர்த்து அழுத்தி வார்த்தது. அந்த றெசின் 150 பாகை செல்சியசைத் தாண்டினால் நிறம் மாறும். சிலவேளை வெடிப்பும் விழும். தாளித்து இறக்கிய எண்ணெய்ச் சட்டி அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். கிரனைட் பூமிக்கடியில் உருகி உறைந்த பாறை; சட்டியை வைத்தாலும் பொதுவாக ஒன்றும் ஆகாது. கடலைப் பார்த்த ஜன்னலடியில் நாளும் பின்னேர வெயில் விழுந்தால் வெள்ளைக் குவார்ட்ஸ் மஞ்சளிக்கவும் கூடும்.

கறையில் குவார்ட்ஸ் முந்துகிறது. அது நீரை உறிஞ்சாது. வெளிர் கிரனைட்டில் மஞ்சள் தங்கினால் பெரும்பாடு. வாங்கும் முன் கல்லில் சில துளி நீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அந்த இடம் கறுத்தால் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு பூசாமல் எடுக்காதீர்கள். கறுப்புக் கிரனைட் என்று விற்பதில் பெரும்பகுதி டொலரைட், கப்ரோ என்ற வேறு பாறை வகை. நெருக்கமான கல் என்பதால் இந்தக் கவலை குறைவு.

மாபிள் வேண்டாம். தேசிக்காய்ச் சாறும் புளியும் பட்ட இடம் மங்கிப்போகும்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வெட்டுகிறவரின் நுரையீரல். குவார்ட்ஸ் தூசியில் சிலிக்கா மிக அதிகம். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் காரணமாகவே அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைத் தடை செய்தது. கிரனைட்டிலும் சிலிக்கா உண்டு. எந்தக் கல்லானாலும் பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் விடாமல் உலர்வெட்டு வெட்ட வரும் கல்வேலை பாஸை அனுமதிக்காதீர்கள்.

எல்லா வெட்டும் பட்டறையிலேயே முடிய வேண்டுமென்றால் திட்டம் சரியாக இருக்க வேண்டும். பான்ட்ரி அலுமாரி பொருத்தி முடித்த பிறகே அளவெடுங்கள். பழைய சுவர்களில் மூலைமட்டம் பெரும்பாலும் இராது, அட்டையில் அச்சு எடுப்பதே நல்லது. சிங்க்கும் அடுப்பும் கையில் இருக்கட்டும், படத்தை நம்பி ஓட்டை வெட்ட வேண்டாம். வெட்டின் உள்மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். இரண்டு கல் துண்டுகள் சேரும் இணைப்பைச் சிங்க்கின் மேலே போட விடாதீர்கள். மாடி வீடானால் லிஃப்டுக்குள் எவ்வளவு நீளத் துண்டு போகும் என்பதை முதலில் அளந்து, இணைப்பு எங்கே வரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மேடை விளிம்பில் திருவலை பூட்டுகிற வீடுகளில், அந்த இடத்தில் கல்லை இரண்டாக ஒட்டித் தடிப்பாக்கிய இரட்டை விளிம்பும், அலுமாரிக்கு வெளியே ஓரங்குலத்துக்குக் குறையாத நீட்டமும் கேளுங்கள்.

சதுர அடி விலையில் ஓட்டை வெட்டும் கூலியும் விளிம்பு மினுக்கலும் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். சிங்க்குக்காக வெட்டி எடுக்கும் துண்டும் உங்கள் காசுதான். ஓரம் மினுக்கித் தரச் சொன்னால் ரொட்டி தட்ட நல்ல பலகையாகும்.