கூரைச் சூரிய மின்சாரமா, சூரியப் பூங்காவா, பழைய காற்றாலையா: சட்டமன்றம் எதை முதலில் எடுக்க வேண்டும்?

எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு, உடுமலை வட்டாரத்தில் சிறு நூற்பாலை நடத்தும் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கச் சென்றோம். கையில் ஒன்பது கோரிக்கைகள் கொண்ட தாள் இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, "ஒன்பதையும் பேச எனக்கு நேரம் தரமாட்டாங்க, எது முதலில் வேணும்னு நீங்களே முடிவு பண்ணி எழுதிக் கொடுங்க" என்றார். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தூய்மை மின்சாரம் தொடர்பாக எங்கள் தாளில் இருந்தவை மூன்று: பெரிய சூரியப் பூங்காக்கள், வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரம், பழைய காற்றாலைகளைப் புதுப்பித்தல். ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்து, காற்றாலையை முதலில் வைத்தேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய காற்றாலையும், என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளும் இருப்பதால் இரண்டிலும் பட்டறிவு உண்டு. பூங்காவைப் பற்றி எழுதுவது மட்டும் வெளியிலிருந்து பார்த்து எழுதுவது.

மின் கட்டணத்தையும் விதிகளையும் ஒழுங்குமுறை ஆணையம்தான் வகுக்கிறது, சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்ய முடியும் என்று எங்களில் சிலரே கேட்டார்கள். மின்சாரம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி, யாருக்கேனும் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் அதற்கான பணத்தை மாநில அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒப்புதல் தருவது சட்டமன்றம். 108-ஆவது பிரிவின்படி, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு மாநில அரசு வழிகாட்டுதல் தரலாம். ஆணையம் இயற்றும் ஒழுங்குமுறைகள் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று 182-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே எதைக் கேட்பது என்று தெரிந்த உறுப்பினருக்கு அவையில் வழி இருக்கிறது.

சூரியப் பூங்காவை விரைவாகவே கடந்துவிடுகிறேன். கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் திறனுடன் 2016-இல் எழுந்த நிலையத்தைப் பார்த்தவர்கள், இந்த அளவில் வேறு எந்த வழியிலும் இவ்வளவு விரைவாக மின்சாரம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்வார்கள். யூனிட் விலையும் குறைவு. ஆனால் பெருமுதலீடு அங்கே தானாகவே வருகிறது. தடையாக இருப்பது மின்சாரத்தை எடுத்துச் செல்லும் உயரழுத்தத் தடமும் துணைமின் நிலையமும்தான், அவை ஏற்கெனவே மின்தொடரமைப்புத் திட்டங்களில் உள்ளவை. நண்பகலில் எல்லாப் பூங்காக்களும் ஒரே நேரத்தில் உச்சத்தில் உற்பத்தி செய்வதால் வரும் சிக்கலையும் நம் மாநிலம் பார்த்துவிட்டது. சூரிய மின் நிலையங்களை வணிகக் காரணத்துக்காக உற்பத்தியைக் குறைக்கச் சொல்லக்கூடாது என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது தமிழ்நாட்டு வழக்கில்தான். ஓர் உறுப்பினர் அவையில் பேசுவதற்குக் கிடைக்கும் சில நிமிடங்களை இதற்குச் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

கூரைச் சூரிய மின்சாரம் அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று. என் மாடியில் இருக்கும் 3 கிலோவாட்டுக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. வெயில் நாளில் 12 யூனிட் வரை தருகிறது. வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் இருப்பதால், பகலில் நாங்கள் பயன்படுத்தாமல் வெளியே போனது இரவில் எடுத்த மின்சாரத்தோடு கழிகிறது. முன்பு இரு மாதத்துக்கு 700 யூனிட்டைத் தொட்ட வீடு இது. 2024 ஜூலைக் கட்டணத்தின்படி 400 யூனிட் வரை 4.80 ரூபாய்தான், 501-ஆவது யூனிட்டிலிருந்து 8.55 ரூபாய், 1,000-ஐத் தாண்டினால் 11.80. உயர்ந்த படியில் நிற்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தகடு போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும்.

எதிர் வீட்டில் நிலைமை வேறு. அங்கே இரு மாதத்துக்கு 160 யூனிட் ஓடுகிறது. 2016-இலிருந்தே முதல் 100 யூனிட் இலவசம். மீதிக்கு அவர்கள் கட்டுவது மிகச் சிறிய தொகை. அந்தக் குடும்பம் கடன் வாங்கித் தகடு போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை, அது ஏழை வீடுகளுக்கு உண்மையான துணை. ஆனால் அது இருக்கும்வரை கூரைத் திட்டம் நம் மாநிலத்தில் அதிகம் செலவழிக்கும் வீடுகளின் திட்டமாகவே இருக்கும். குஜராத்தைப் போல வேகமாகப் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒன்றிய மானியமும் விண்ணப்ப வழியும் ஏற்கெனவே இருப்பதால் சட்டமன்றம் புதிதாகத் திறந்துவிட வேண்டிய கதவு இங்கே சிறியது.

காற்றாலைக்கு வருகிறேன். குடிமங்கலம் பக்கம் எங்கள் குடும்பத்தின் காற்றாலை 1995-இல் நிறுவப்பட்டது. 250 கிலோவாட், 30 மீட்டர் உயரக் கோபுரம். இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்த காலம் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் எங்கள் நிலங்களிலும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் சிறு காற்றாலைகள் வரிசையாக எழுந்தன. நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்கள் அப்போதே நிரம்பிவிட்டன. இன்று 100 மீட்டருக்கு மேல் நிற்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகும், அந்த முதல்தர இடங்களில் முப்பது வயதான சிறு இயந்திரங்களே நிற்கின்றன.

அதைப் பராமரிப்பது எப்படி என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், காற்று உச்சத்தில் இருந்தபோது கியர்பாக்ஸ் போனது. அந்த மாதிரியை யாரும் இப்போது செய்வதில்லை. பக்கத்து ஊரில் கழற்றிப் போட்டிருந்த இன்னொரு காற்றாலையின் கியர்பாக்ஸை விலை பேசி வாங்கி, பட்டறையில் பல் சக்கரத்தைச் சீராக்கி, கிரேன் கிடைக்கக் காத்திருந்து ஏற்றி முடிப்பதற்குள் 47 நாட்கள் ஓடிவிட்டன. சுற்றிலும் மற்ற காற்றாலைகள் இரைந்துகொண்டிருக்க, எங்களுடையதன் இறக்கைகள் மட்டும் பிரேக் போட்டபடி நின்றன. புதியதாக மாற்றிவிடலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "இது நிக்கிற வரைக்கும் நிக்கட்டும் கண்ணு. புதுசு வெச்சா பேங்கிங் போயிரும்ங்கறாங்க" என்றார்.

அவர் சொன்ன பேங்கிங்தான் இந்த ஒப்பீட்டின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றாலை ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் யூனிட் தருகிறது. அதில் சுமார் 3 லட்சம் யூனிட் மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதக் காற்றுக் காலத்தில் வந்துவிடும். எங்கள் ஆலையோ மாதம் 35,000 யூனிட் என்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுகிறது. காற்றுக் காலத்தில் எங்களுக்குத் தேவை 1.75 லட்சம், மிஞ்சுவது 1.25 லட்சம். 2018 மார்ச் 31-க்குள் நிறுவிய காற்றாலைகளுக்கு இந்த மிச்சத்தை ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை வாரியத்தின் கணக்கில் சேமித்து, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. அதற்குக் கட்டணமாக 14 விழுக்காடு யூனிட்டையே கழித்துக்கொள்கிறார்கள். அப்படிக் கழித்தாலும் 1.07 லட்சம் யூனிட் திரும்பி வருகிறது. உயரழுத்தத் தொழிற்சாலைக் கட்டணம் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் இருக்கும்போது, இது ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது. 2018 ஏப்ரலுக்குப் பின் நிறுவியவற்றுக்கு இந்த ஓராண்டுச் சேமிப்பு இல்லை. பழையதைக் கழற்றிவிட்டு அங்கே புதியதை நிறுவினால் அது புதிய காற்றாலையாகவே கருதப்படுமோ என்ற அச்சம்தான் உரிமையாளர்களைத் தடுக்கிறது.

2024 ஆகஸ்டில் மாநில அரசு வெளியிட்ட கொள்கை, இருபது ஆண்டுகளைக் கடந்த காற்றாலைகளுக்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது: புதியதாக மாற்றலாம், சீரமைக்கலாம், அல்லது ஆயுளை நீட்டிக்க அனுமதி பெறலாம். முன்னெடுப்பு நல்லதுதான். ஆனால் ஓராண்டுச் சேமிப்பு இல்லாமல் மாற்றினால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். இன்றைய 2.5 மெகாவாட் இயந்திரம் ஒன்று ஆண்டுக்கு 65 லட்சம் யூனிட் தரக்கூடும். அதில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதங்களில் கொட்டும்; அந்தந்த மாதத்திலேயே பயன்படுத்தித் தீர்க்க வேண்டுமென்றால், மாதம் பத்து லட்சம் யூனிட் எரிக்கும் பெரிய ஆலைக்குத்தான் அது பயன்படும். எங்களைப் போன்றவர்கள் இடத்தை விற்றுவிட்டு விலக வேண்டியதுதான். முப்பது ஆண்டுகளாகச் சிறு ஆலைகளைத் தாங்கிய கணவாய்க் காற்று சில பெரிய கைகளுக்குப் போய்விடும். இந்த ஒன்றுக்காகத்தான் நான் காற்றாலையை முதலில் வைத்தேன்.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில், தேவையில்லாத நேரத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் விலை உச்சத்தில் இருக்கும்போது திருப்பித் தருவது மின் விநியோகக் கழகத்துக்கு இழப்பு. தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது 2024 மே 2 அன்று; அப்போது காற்றுக் காலம் சரியாகத் தொடங்கக்கூட இல்லை. அந்த வெயிலில் கைகொடுத்தது சூரிய மின்சாரம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரியன் சாய்ந்த பிறகும் காற்றாலை சுழல்கிறது; மிஞ்சும் மின்சாரத்தைத் தண்ணீராக மேலேற்றி வைக்கக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளின் இறுதியிலிருந்து இருக்கிறது, குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் நடக்கிறது. சேமிப்புக்கான கழிவை இன்னும் சற்று உயர்த்தினாலும், மாலை உச்ச நேரத்தில் திரும்ப எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தாலும் நாங்கள் ஏற்போம் என்று மனுவிலேயே எழுதினேன். இதில் எங்கள் குழுவில் இருவருக்கு உடன்பாடில்லை.

இடைவெளிக் கணக்கில் மட்டும் எனக்கு முழு நிம்மதி இல்லை. இரு காற்றாலைகளுக்கு நடுவே இறக்கைச் சுற்றின் விட்டத்தைப் போல ஒரு பக்கம் ஐந்து மடங்கும் மறுபக்கம் ஏழு மடங்கும் இடைவெளி வேண்டும் என்பது வழக்கமான விதி. 120 மீட்டர் விட்டமுள்ள இயந்திரத்துக்கு அது ஏறத்தாழ 125 ஏக்கர். எங்கள் பக்கத்தில் அந்தப் பரப்பில் ஆறு பழைய காற்றாலைகள்தான் நிற்கின்றன. ஆறும் சேர்ந்து 24 லட்சம் யூனிட், புதியது ஒன்றே 65 லட்சம். ஆனால் முப்பந்தலைப் போல நெருக்கமாக நிற்கும் இடங்களில் அதே 125 ஏக்கரில் பதினெட்டு சிறு காற்றாலைகள் இருக்கக்கூடும். அங்கே விதியைத் தளர்த்தாமல் மாற்றினால் உற்பத்தி ஒன்றும் கூடாது. ஆகவே எங்கள் கணக்கை மாநிலம் முழுவதற்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

ஆறு குடும்பங்கள் ஒரே இயந்திரத்தில் பங்கு சேர்வது புதிய சிக்கல் அன்று. சொந்தப் பயன்பாட்டு உற்பத்தி என்று கருதப்பட, பயனாளர்கள் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்திருந்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது தாங்களே பயன்படுத்த வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொல்கின்றன. அதற்குள் நாங்கள் அடங்குவோம்.

இறுதியாக மனுவில் எழுதிய கோரிக்கை இது. பழைய காற்றாலையை மாற்றும்போது, அது கடந்த ஐந்து ஆண்டுகளில் சராசரியாகத் தந்த அளவுக்கு மட்டும் ஓராண்டுச் சேமிப்பு உரிமை தொடர வேண்டும். அதற்கு மேல் வருவதற்குப் புதிய விதியே பொருந்தட்டும். எங்கள் ஆறு பேர் கணக்கில், 65 லட்சத்தில் 24 லட்சத்துக்குப் பழைய உரிமை, 41 லட்சத்துக்குப் புதிய விதி. இதை 108-ஆவது பிரிவின் வழிகாட்டுதலாக ஆணையத்துக்கு அனுப்புமாறு அமைச்சரிடம் கேட்க வேண்டும் என்று உறுப்பினரைக் கேட்டுக்கொண்டோம். கூரைச் சூரிய மின்சாரத்தை இரண்டாவதாக வைத்தேன், பூங்காவை எழுதவில்லை. மற்ற ஆறு கோரிக்கைகள் அடுத்த கூட்டத்தொடருக்குக் காத்திருக்கின்றன.