சான் பிரான்சிஸ்கோ: கேபிள் காரா, பழைய டிராம் வண்டியா?

பத்துப் பேராகப் போனால், முதலில் எல்லோரும் கேட்பது கேபிள் காரைத்தான். 1873-ல் தொடங்கியது. தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் இரும்புக் கயிற்றைக் கவ்விப் பிடித்து மேடேறும். வேகம் மணிக்குச் சுமார் 15 கி.மீ.தான். ஆனால் ஹைட் தெரு உச்சியில் விரிகுடாவும் அல்கட்ராஸ் தீவும் கண்ணில் படும்போது யாருக்கும் பேச்சு வராது. சிக்கல் என்னவென்றால், வண்டி சின்னது. பவல் தெரு முனையில் வரிசையோ அனுமார் வால். பாதிப் பேர் ஏறிவிட, மீதிப் பேர் கையசைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

எஃப் தடத்து டிராம் மின்சாரத்தில் ஓடுகிறது. மார்க்கெட் தெரு வழியாக, ஃபெரி கட்டடத்தைத் தாண்டி, ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் என்ற கடலோரச் சுற்றுலாப் பகுதி வரை போகும். வேறு வேறு நகரங்களின் பழைய வண்ணங்களைப் பூசிய வண்டிகள். அதிர்ஷ்டம் இருந்தால் 1928-ல் மிலான் நகருக்காகச் செய்தது வரும், மர இருக்கைகளோடு. பாதை சமதரை, மேடேறும் அந்தத் திகில் கிடையாது. கட்டணம் கேபிள் காரில் பாதிகூட வராது.

பாட்டி, பேரன் என்று கூட்டமாகப் போனால் நான் எஃப் தடத்தைத்தான் சொல்வேன். கேபிள் கார் ஆசை விடவில்லையா? சரி, கலிஃபோர்னியா தெருத் தடத்துக்குப் போங்கள். அங்கே கூட்டம் குறைவு.